பிடிமண் கொடுக்கும் முன்: பொதுச் சுவருக்கு ஓவியம் வரைவிக்கிறவர்களுக்கு

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஐயனாருக்குப் புரவி எடுப்பதென்றால், அதாவது மண்குதிரை செய்து காணிக்கையாக நிறுத்துவதென்றால், முதலில் ஊரார் அதைச் செய்யும் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி மண் கைமாறிவிட்டால் வேலை ஒப்படைத்தாயிற்று. யார் செய்வது, எத்தனை குதிரை, எந்த நாளில் தூக்குவது, எங்கே கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் அப்போதே ஊருக்குத் தெரியும். முந்தைய குதிரைகள் காது உடைந்து, கால் கரைந்து கோயில் திடலிலேயே நின்றுகொண்டிருக்கும். அவற்றை என்ன செய்வது என்பதிலும் யாருக்கும் குழப்பம் இருக்காது.

நகரத்து அடுக்குமாடியில் ஒரு சுவரோவியம் என்றால் இதில் ஒன்றுகூட யாருக்கும் தெரிவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு படத்தைப் போட்டு ‘நம்ம காம்பவுண்டிலும் இப்படி வரையலாமே’ என்பார். இருபது கட்டைவிரல்கள் விழும். அடுத்த மாதம் சாரம் கட்டியாகிவிடும். பிரச்சினைகள் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும். குடியிருப்புச் சங்கத்திலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ முதல் முறையாக இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

முதலில் சுவர்

எங்கள் குடியிருப்பு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே வலசை வரும் பூநாரைகளை வரையலாம் என்று முடிவெடுத்தோம். மேற்குப் பார்த்த பெரிய சுவர். ஓவியர் பிரமாதமாக வரைந்து கொடுத்தார். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகையில் இரண்டு பறவைகளின் வயிற்றில் மஞ்சள் திட்டுகள். சுவருக்குள் போகும் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதைச் சரிசெய்து, திட்டுகளைத் திரும்ப வரைந்து முடிப்பதற்குள் மேற்கு வெயில் தன் வேலையைக் காட்டியது. இரண்டு கோடைகளில் இளஞ்சிவப்பு வெளிறி, பூநாரை வெறும் நாரையாகிவிட்டது.

ஓவியர்மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. நாங்கள் படத்தை மட்டும் பார்த்தோம், சுவரைப் பார்க்கவில்லை.

ஆகவே முதல் வேலை: கட்டட வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி வருவது. ஓதம் (சுவருக்குள் ஊறும் ஈரம்) ஏறியிருக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா, விரலால் தட்டினால் பூச்சு பொக்கையாகச் சத்தம் தருகிறதா என்று பாருங்கள். சுவருக்குப் பின்னால் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை. ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கே வழிகிறது என்பதையும் பாருங்கள். வருஷம் முழுக்க ஒரே கோட்டில் வழியும் தண்ணீரை எந்தப் பெயின்டும் தாங்காது. முடிந்தால் ஒரு வடகிழக்குப் பருவமழையைச் சுவரோடு கழித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். நான்கு மாதம் தாமதமாகும்தான். ஆகட்டும்.

புதிதாகப் பூசிய சுவரில் ஏறக்குறைய 28 நாள் கழிந்து, ஈரம் காய்ந்த பிறகே ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்க வேண்டும். புதிய சிமென்டின் காரத்தன்மை நிறத்தைத் தின்றுவிடும். வெளிச்சுவருக்கு எக்ஸ்டீரியர் எமல்ஷன் (தண்ணீரில் கரைக்கும் பெயின்ட்) சரி. பளபளப்பாக இருக்கிறதே என்று எனாமல் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, பொருக்குப் பொருக்காக உரிந்துவரும். ‘மேலே ஒரு கிளியர் கோட்டிங் போட்டுவிட்டால் கவலையே இல்லை’ என்று கடைக்காரர் சொல்வார். காய்ந்த சுவருக்கு அது நல்லது. ஓதச் சுவருக்கு அதே கேடுதான்.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காவியும் மண் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு நிறமிகள், வெயிலுக்கு அசையாதவை. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள் வகைகளில் பல சீக்கிரம் வெளுப்பவை. மேற்குச் சுவர் என்றால் ஓவியரிடம் இதை முன்கூட்டியே பேசுங்கள். பிடித்த நிறத்தை விட வேண்டியதில்லை. வெயில் தாங்கும் நிறமி எதில் இருக்கிறது என்று பெயின்ட் நிறுவனத்தின் அட்டவணையைக் கேட்டு வாங்கலாம். அல்லது அந்தப் படத்தை வடக்குச் சுவருக்கு மாற்றலாம்.

யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம்

சுவர் தேறிவிட்டால், அதன் முன்னால் ஒரு நாள் நாற்காலி போட்டு உட்காருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. காலையில் பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள், பதினோரு மணிக்கு நிழலில் ஒதுங்கும் வீட்டு வேலைப் பெண்கள், டெலிவரி பையன்கள், சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் என்று ஒரு சுவருக்கு எத்தனையோ பார்வையாளர்கள். அசோசியேஷன் கூட்டத்தில் கைதூக்குபவர்கள் அவர்களில் ஒரு சிறு பகுதிதான்.

சாலையைப் பார்த்த சுவரை வண்டியில் போகிறவர் சில நொடிகள்தான் பார்ப்பார். அங்கே நுணுக்கம் வீண். பெரிய உருவம், இரண்டு மூன்று நிறம், போதும். லிஃப்ட் வாசல் நேர் எதிர். தினமும் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம், பத்து வருஷம் பார்க்கப்போகிறார்கள். அங்கே ஒரே பார்வையில் தீர்ந்துபோகிற படம் ஆறு மாதத்தில் சலித்துவிடும். நான் உதவிய ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் அருகே ஊக்கமூட்டும் வாசகம் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். எழுதினார்கள். இப்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை, அவர்கள் உட்பட.

இடத்தைப் படிப்பது என்றால் என்ன என்று சென்னைக்காரர்களுக்கு மெரினாவே சொல்லும். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை அங்கே 1959 முதல் நிற்கிறது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பின்னால் வானம். 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான். அந்தச் சிலையை ஒரு வணிக வளாகத்தின் வரவேற்பறையில் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். வெண்கலம் அதேதான், ஆனால் சொல்வது வேறாகிவிடும்.

இடத்தைப் பயன்படுத்துகிறவர்களோடு படைப்பு மோதினால் என்னாகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு கதை உண்டு. அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்டட் ஆர்க்’ 120 அடி நீளம், 12 அடி உயரம் கொண்ட வளைந்த எஃகுச் சுவர். 1981இல் அரசு அலுவலக வளாகம் ஒன்றின் முற்றத்துக்குக் குறுக்கே நிறுத்தப்பட்டது. அங்கே வேலை செய்கிறவர்கள் முற்றத்தை நேராகக் கடக்க முடியாமல் சுற்றிப் போக வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பி, 1985இல் பொது விசாரணை நடந்து, வழக்கும் நடந்து, 1989இல் அகற்றினார்கள். அந்த இடத்துக்கென்றே செய்ததை வேறிடத்தில் வைத்தால் அது அந்தப் படைப்பே இல்லை என்பது செர்ராவின் வாதம். எனக்கு இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. நமக்கான பாடம் சின்னது: நடைபாதையை மறிக்கும் எதையும் வைப்பதற்கு முன், அந்த அளவில் ஒரு தட்டியைக் கட்டி ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். திட்டு வாங்குவதை அப்போதே வாங்கிவிடலாம்.

ஒரு பக்கக் குறிப்பு

ஓவியரைக் கூப்பிடுவதற்கு முன், சங்கம் ஒரு பக்கத்தில் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டியவை: எந்தச் சுவர், அளவு, எந்தத் திசை, எத்தனை வருஷம் இருக்க வேண்டும், மொத்தப் பணம், எப்போது முடிய வேண்டும், எதைத் தொடவே கூடாது, யார் இறுதி முடிவெடுப்பார். கடைசி விஷயம்தான் முக்கியம். மூன்று பேர் கொண்ட குழு போதும். அதில் ஒருவராவது கலை தெரிந்தவராக, முடிந்தால் வெளியாளாக, இருக்கட்டும். நூற்றிருபது வீட்டுக்காரர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் படம் யாருக்கும் பிடிக்காத படமாக இருக்கும். சூரியகாந்திப் பூவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்காக மற்றவர்களைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கருப்பொருளைப் பற்றி எல்லோரிடமும் கேளுங்கள். படத்தைப் பற்றிக் குழுவிடம் விட்டுவிடுங்கள். ‘இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது’ என்ற கேள்வி நல்ல தொடக்கம். எங்களிடம் இருந்த காவலாளி ஒருவர், கட்டடம் வருவதற்கு முன் அங்கே இருந்த கோரைப்புல் காட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பூநாரை யோசனையே அங்கிருந்துதான் பிறந்தது. ‘ஒற்றுமை’, ‘பசுமை’, ‘நாளைய உலகம்’ என்று குறிப்பில் எழுதிக் கொடுத்தால், கைகோத்த நிழலுருவங்களும் உருண்டையைத் தாங்கும் உள்ளங்கையும்தான் திரும்ப வரும்.

ஓவியரைத் தேடுவது

எழும்பூருக்கு அருகிலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி, மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம், 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இவற்றில் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் இடத்துக்கு நேரில் போய் வரலாம். இன்ஸ்டாகிராமில் தேடுவதும் தப்பில்லை. ஆனால் ஃபோனில் அழகாகத் தெரியும் நான்கடிப் படம் நாற்பதடிச் சுவரில் நிற்குமா என்பது வேறு திறமை. அவர் முன்பு வரைந்த சுவர் ஒன்றை, அதுவும் இரண்டு வருஷம் வெயில் பட்ட சுவரை, நேரில் போய்ப் பாருங்கள்.

பெரிய அளவு என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க கண்ணகி நகர் போகலாம். மீள்குடியேற்றப் பகுதியான அங்கே 2020இல் தெருக்கலை அமைப்பான ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளை, மாநகராட்சியுடன் சேர்ந்து குடியிருப்புச் சுவர்களை வரைவித்தது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏ-கில், கத்ரா என்ற இரு கலைஞர்கள் வரைந்த முகங்களும் அப்படித்தான். ஹெச்ஐவி தொற்றோடு வாழ்பவர்களை ஒதுக்கும் மனப்பான்மைக்கு எதிராக வரைந்தவை அவை. ரயில் நிலையத்தில் அத்தனை முகங்களின் நடுவே யார் தொற்றுள்ளவர் என்று தேடத் தொடங்கி, தேடுகிறோமே என்று நமக்கே கூச்சமாகிவிடும்.

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து முன்வரைவு கேளுங்கள், மூன்று பேருக்கும் பணம் கொடுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் சரி. ‘ஸ்கெட்ச் போட்டுக் காட்டுங்க, பிடிச்சா தர்றோம்’ என்பது தையல்காரரிடம் மூன்று சட்டை தைக்கச் சொல்லி ஒன்றுக்கு மட்டும் காசு கொடுப்பதைப் போன்றது. ஒருவருடைய வரைவை இன்னொருவரிடம் கொடுத்து மலிவாக வரையச் சொல்வது அதைவிட மோசம். சட்டப்படியும் வில்லங்கம்.

பணம்

பலரும் ஓவியருக்குக் கொடுப்பதைத்தான் செலவு என்று நினைக்கிறார்கள். சுவரைத் தயார் செய்வது, ப்ரைமர், பெயின்ட், சாரம் அல்லது லிஃப்ட் வாடகை, பாதுகாப்பு பெல்ட், காப்பீடு, உதவியாளர்களுக்குச் சாப்பாடு, இரவு விளக்கு எல்லாம் உண்டு. நான்கு மாடிக்கு மேல் போனால் சாரமே பட்ஜெட்டில் பாதியை விழுங்கப் பார்க்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கும், இன்னொரு பங்கைப் பராமரிப்புக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுவது என் வழக்கம். பராமரிப்புப் பணத்தை ஒதுக்க முடியாவிட்டால் படத்தின் அளவைக் குறைத்துவிடலாம்.

அச்சாரமாக 30 சதவீதம், சுவரில் கோட்டுருவம் முடிந்ததும் 30, வரைந்து முடித்ததும் 30, ஒரு மழைக்காலம் தாண்டியதும் மீதி 10 என்று பிரித்துக்கொள்கிறோம். கடைசிப் பத்து சதவீதத்தை ஓவியர் தவறுக்கு மட்டும் பிடிக்க வேண்டும். குழாய் கசிந்ததற்கெல்லாம் அவரைப் பிடிக்கக் கூடாது. ஜிஎஸ்டி தொகைக்குள்ளா வெளியிலா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

தில்லியில் அரசின் மாநாட்டுக் கூடமான விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் ஏறக்குறைய ஐந்து வருஷம் உழைத்து ஒரு பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைச் செய்தார். 1962இல் முடிந்தது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அவரிடம் கேட்காமல் அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். துண்டுகள் சேதமாயின. அவர் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கி, மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. சிற்பத்துக்குச் சொந்தக்காரர் அரசாங்கம்தான். இருந்தும் தீர்ப்பு அப்படி வந்தது.

காரணம், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ள 57ஆவது பிரிவு. படைப்பையும் பதிப்புரிமையையும் விற்றுவிட்ட பிறகும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் படைத்தவருக்கு உரிமை உண்டு. அதே பிரிவு, படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் விடுவது மட்டுமே மீறல் ஆகாது என்றும் சொல்கிறது. ஆகவே படத்தின் நடுவே சிசிடிவி கேமரா பொருத்தும் செகரட்டரிகளே, துளைபோடும் முன் ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.

பதிப்புரிமையில் இன்னொரு சூட்சுமம். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான் என்கிறது 17ஆவது பிரிவு. அந்த விதியில் சிற்பம் சேராது. அதேபோல, பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட 52ஆவது பிரிவு விலக்கு தருகிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. மும்பையில் ஒரு சுவரோவியத்தை விளம்பரத்தில் பயன்படுத்தியதற்காக ஒரு காப்பீட்டு நிறுவனத்தின்மேல் 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. உங்கள் பில்டர் அடுத்த திட்டத்தின் விளம்பரச் சிற்றேட்டில் உங்கள் சுவரைப் போடலாமா கூடாதா என்பதைச் சண்டை வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

மீதி விஷயங்கள் எளிமையானவை. ஓவியர் பெயரும் ஆண்டும் எங்கே வரும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் (இரண்டு முறை, அதுவும் முன்வரைவில், சுவரில் இல்லை), விபத்து நடந்தால் யார் பொறுப்பு, சேதமானால் முதலில் அதே ஓவியரைக் கூப்பிட வேண்டும், அழிப்பதாக இருந்தால் இத்தனை நாள் முன்னறிவிப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. தமிழில் எழுதினாலும் செல்லும். இருவருக்கும் புரிகிற மொழியில் இருக்கட்டும்.

காலக்கெடுவில் கொஞ்சம் இளக்கம் வையுங்கள். தில்லி ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் யட்சன், யட்சி சிலைகளைச் செய்யும் வேலையைச் சிற்பி ராம்கிங்கர் பைஜிடம் ஒப்படைத்தது 1950களில். முடிந்தது 1967இல். பொருத்தமான கல்லைத் தேடிக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. உங்கள் சங்கத்துக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. ஆனால் பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று மார்கழியில் சாரம் கட்டாதீர்கள்.

வரையும் நாட்கள்

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் சுவர் சுட்டு, பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடும். தண்ணீர், கழிப்பறை, நிழல், பெயின்ட் வைக்கப் பூட்டுப் போட்ட அறை ஏற்பாடு செய்யுங்கள். பால்கனிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாரத்துக்குக் கீழே நின்று ‘மூக்கு கொஞ்சம் பெரிசா இருக்கே’ என்று சொல்லும் மாமாவைச் சமாளிக்கக் குழுவில் ஒருவரை நியமிப்பது நல்லது.

சிற்பம் என்றால்

குழந்தை ஏறும். இதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ‘ஏறாதீர்’ பலகை உதவாது. ஏறினாலும் கவிழாத அடித்தளமும், கிழிக்காத விளிம்பும்தான் உதவும். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு என்றால் 304 போதாது, 316 தரம் கேளுங்கள். ஃபைபர் மலிவு, வெயிலில் வெடித்து வெளுக்கும். சுவாமிமலை மெழுகு வார்ப்பு வெண்கலமும் மாமல்லபுரத்துக் கருங்கல்லும் விலை கூடியவை, ஆனால் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். எல்லாம் உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கட்டும். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. காமராஜர் சாலையில் இருந்த சிவாஜி கணேசன் சிலையே 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்கு இடம் மாறியது.

வரைந்து முடித்த பிறகு

ஒரு கோப்பு திறந்து, பயன்படுத்திய பெயின்டின் பெயரும் எண்ணும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு மாதிரி அட்டை, தெளிவான படங்கள், ஒப்பந்த நகல் எல்லாவற்றையும் வையுங்கள். செகரட்டரி மாறும்போது பம்ப் சாவியோடு இந்தக் கோப்பும் கைமாற வேண்டும். வருஷம் ஒருமுறை, மழை முடிந்ததும், சுவரைச் சுற்றிப் பார்த்து எழுதி வையுங்கள். கழுவுவதென்றால் மெல்லிய துணியும் வெறும் தண்ணீரும் போதும்.

அழிக்கும் நாளும் வரும். எங்கள் பூநாரைகளுக்கு ஏழாவது வருஷம் வந்தது. பூச்சு பல இடங்களில் பொக்கை விட்டிருந்தது, கொத்தித்தான் ஆக வேண்டும். ஓவியருக்கு முன்கூட்டியே சொன்னோம். வந்து அரை மணி நேரம் படமெடுத்தார். கொத்தும்போது உதிர்ந்த ஒரு சில்லில் கண் மட்டும் முழுசாக இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார். பழைய குழாயை மாற்றி, சுவரைப் புதிதாகப் பூசி, வெள்ளை மட்டும் அடித்து விட்டிருக்கிறோம். அடுத்து என்ன வரையலாம் என்று வாட்ஸ்அப்பில் யோசனைகள் வந்தபடி இருக்கின்றன. ஒரு மழைக்காலம் போகட்டும், ஓதம் வருகிறதா பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.